உடைந்த குடையும் பாசிமணியும்

மணி கோத்துச் சிற்பம் செய்கிறேன் என்று சொன்னால் பாதிப் பேருக்கு நினைப்பு நேராக மாலைக்கும் கம்மலுக்கும் போய்விடுகிறது. மீதிப் பேர், "ஓ, ஒரு உருவம் செஞ்சுட்டு மேலே மணி ஒட்டுவீங்களா?" என்று கேட்பார்கள். ஒட்டலாம், அப்படியும் பெரிய வேலைகள் நடந்திருக்கின்றன, கீழே சொல்கிறேன். ஆனால் கலைக் கல்லூரியில் சிற்பம் படித்துக்கொண்டே இந்தப் பொருளோடு மல்லுக்கட்டுகிற எனக்கு இதில் பிடித்தது வேறு. மணிக்கோப்பு எடையைத் தாங்கும், வளையும், இழுக்கும், சில நேரம் உருவம் எப்படி இருக்கவேண்டும் என்பதை அதுவே தீர்மானித்துவிடும். அதைக் கடைசியில் போடுகிற மேற்பூச்சாக விடாமல், முதலிலிருந்தே கட்டுமானமாகப் பயன்படுத்த முடியுமா என்று பார்ப்பதுதான் என் வேலை.

இப்போது மேஜையில் கிடப்பது உடைந்த குடை ஒன்று. துணியைப் பிரித்தாகிவிட்டது, நடுத்தண்டும் 8 கம்பிகளும்தான் மிச்சம். அதில் இரண்டு கம்பி காற்றில் எதிர்ப்பக்கமாக மடங்கியவை. நிமிர்த்தவில்லை, அந்த மடங்கலைப் பார்த்துத்தான் குடையைத் தூக்கிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் காகிதக்கூழில் செய்த ஒரு உடம்பு, ஒரு பக்கம் உப்பி ஒரு பக்கம் ஒடுங்கி. அப்புறம் துருப்பிடித்த சாவிகள் கொஞ்சம், செம்புக் கம்பிச் சுருள், கிழிந்த வலைத்துணி. இதில் எது உள்ளே போகும், எது வெளியே தெரியும் என்பது இன்னும் முடிவாகவில்லை. முதலில் ஸ்கெட்ச் போட்டு, அதற்கேற்ற பொருளைத் தேடிப் போகிறவர்கள் எங்கள் வகுப்பில் உண்டு, அவர்கள் வேலை சுத்தமாக வரும், பார்த்தால் பொறாமையாகக்கூட இருக்கும். எனக்கு அது ஒத்துவரவில்லை. பென்சில் கோடு நாம் சொன்ன பக்கமெல்லாம் போகும், ஊசி போகாது. அதனால் தீப்பெட்டி அளவில் துண்டு துண்டாகக் கோத்துப் பார்ப்பதுதான் எனக்கு ஸ்கெட்ச்.

நான் அதிகம் போடுவது பெயோட்டி தையல். ஒரு வரிசையில் மணிகள் ஒன்று விட்டு ஒன்று ஏறி இறங்கி நிற்கும், அடுத்த வரிசையின் ஒவ்வொரு மணியும் கீழே இருக்கிற பள்ளத்தில் போய் உட்காரும். அடிப்படை அவ்வளவுதான். இதில் ஒரு பள்ளத்தில் ஒன்றுக்குப் பதில் இரண்டு மணி வைத்து, அடுத்த சுற்றில் அந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று வைத்தால் பரப்பு அகலும். இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் தட்டையாகப் படுக்க இடமில்லாமல் விளிம்பு அலை அலையாக நெளிய ஆரம்பிக்கும். பள்ளத்தைத் தாண்டிப் போனால் பரப்பு குறையும், கிண்ணமாகக் குழியும், கடைசியில் வாய் மூடிக்கொள்ளும். ஆக ஒரு வளைவை வரைந்து வைத்துக்கொண்டு அதன் மேல் மணியைப் பரப்பவேண்டியதில்லை, எந்தச் சுற்றில் எத்தனை கூட்டுகிறோம், எத்தனை குறைக்கிறோம் என்பதிலேயே வளைவு வந்துவிடுகிறது. இது முதல் தடவை கையில் புரிந்தபோது களிமண் பக்கமே கொஞ்ச காலம் போகவில்லை.

இறுக்கம் என்று இன்னொன்று இருக்கிறது. அதே மணி, அதே எண்ணிக்கை, நூலைத் தளர்வாக இழுத்தால் துணி மாதிரி தொங்கும், ஒவ்வொரு தையலையும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தால் தகடாக விறைத்துத் தானே நிற்கும். ரைட் ஆங்கிள் வீவ் என்கிற இன்னொரு முறை, நான்கு நான்கு மணியாகச் சதுரம் போட்டு, பக்கத்துச் சதுரத்தோடு ஒரு மணியைப் பங்கிட்டுக்கொண்டு போவது. அது எப்படி இழுத்தாலும் எல்லாப் பக்கமும் மடங்கும். குடையில் கம்பியை ஒட்டிய இடத்தில் இறுக்கமான பெயோட்டி, நடுவில் தொங்கவேண்டிய இடத்தில் ரைட் ஆங்கிள் வீவ் என்று வைத்திருக்கிறேன்.

அடுத்தது எடை. மணியில் எண் கூடக் கூட அளவு சிறியது என்பது கோப்பவர்களுக்குத் தெரியும். 8/0 சுமார் 3 மில்லிமீட்டர், 11/0 சுமார் 2, 15/0 சுமார் 1.5. வட்டமான 11/0 மணி ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 110 நிற்கும், நெருக்கிக் கோத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 30 பிடிக்கும். குடையில் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு பட்டையை 1,000 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 30,000 மணி, கால் கிலோவுக்கு மேல். எட்டுப் பட்டையையும் மூடினால் 2 கிலோவைத் தாண்டும். மெல்லிய துணிக்காகச் செய்த கம்பி அதைத் தாங்குமா? தாங்காது, தொங்கிப்போகும். அந்தத் தொங்கலை எதிர்த்துக் கம்பிக்கு முட்டுக்கொடுக்கலாம் அல்லது அதையே உருவமாக எடுத்துக்கொள்ளலாம். நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன். மூன்று பட்டை மட்டும் அடர்த்தி, மீதி வெறும் வலைப்பின்னல். அடர்த்தியான பக்கம் கம்பிகள் தாமாகவே தாழ்ந்து, குடை ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. நான் ஸ்கெட்ச் போட்டிருந்தால் அந்தச் சாய்வு வந்திருக்காது.

பல பொருள்களைச் சேர்த்துச் செய்கிற கலப்பு ஊடகத்தில் சிக்கல் எல்லாம் ஒரு பொருள் முடிந்து இன்னொன்று தொடங்குகிற இடத்தில்தான். குடைக்கம்பியைக் கிட்டத்தில் பார்த்தால் அது உருண்டைக் கம்பி இல்லை, தகட்டை மடித்த குழிவான கால்வாய், இரண்டு விளிம்பும் கூர்மை. அதில் நேராக நூலைக் கட்டினால், மீன் பிடிப்பதற்கென்று செய்த ஃபயர்லைன் நூலாகவே இருந்தாலும், ஆட ஆட அறுத்துவிடும். எபாக்சி போட்டு ஒட்டினால் பிடிக்கும், ஆனால் பசை மணியின் துளைக்குள் ஏறிவிட்டால் அப்புறம் அந்த வழியாக ஊசி போகாது, அந்த இடம் செத்த இடம். அதனால் கம்பி முழுக்கப் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றி, இரண்டு முனையிலும் மட்டும் ஒரு சொட்டுப் பசை. மணிப்பரப்பைக் கம்பியில் தைக்காமல் அந்தச் சுற்றில் தைக்கிறேன். நூல் நூலைத்தான் தொடுகிறது. வெளியே தெரிகிற அந்தப் பருத்திச் சுற்று, இப்போது பார்த்தால், குடையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதை மறைக்கச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். மறைக்கப் போவதில்லை.

ஒரு சின்ன வித்தை, யாருக்காவது உதவும். பத்து வரிசை தாண்டிய பிறகு எங்கோ ஒரு மணி கூடுதலாக உட்கார்ந்திருப்பது தெரியும். பிரிக்க மனசு வராது. குறட்டால் நசுக்கினால் கண்ணாடிச் சில்லு உள்நோக்கிப் போய் நூலையும் வெட்டும். அதற்குப் பதில் தடித்த ஊசி ஒன்றைத் துளைக்குள் நூலுக்குப் படாமல் மெல்லத் திணித்து அழுத்தினால் மணி வெளிப்பக்கமாக வெடிக்கும், நூல் தப்பிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், சில்லு எங்கே தெறிக்கும் என்று சொல்லமுடியாது.

ஒட்டுகிற வேலையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. லிஸா லூ என்ற அமெரிக்கக் கலைஞர் 1991 முதல் 1996 வரை ஒரு முழுச் சமையலறையை, பாத்திரம் கழுவும் தொட்டியில் விழும் தண்ணீர் உட்பட, மணியால் மூடினார், 168 சதுர அடி. அதில் ஒட்டுவது வெறும் மூடுவேலை இல்லை, தினசரி வீட்டுவேலையின் சலிப்பும் கணக்கில் வராத உழைப்பும் அந்த ஒவ்வொரு மணியிலும் இருக்கிறது, அந்த உழைப்புதான் படைப்பு. மெக்சிகோவின் விஷாரிகா மக்கள் மரத்தில் தேன்மெழுகைப் பூசி, ஊசி முனையால் மணியை ஒவ்வொன்றாக அதில் அழுத்துவார்கள். 2010-இல் அந்தச் சமூகத்துக் கலைஞர்கள் ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரையே 20 லட்சத்துக்கும் அதிகமான மணிகளால் மூடினார்கள். இவை இரண்டும் எனக்கு மரியாதைக்குரிய வேலைகள். ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது ஜாய்ஸ் ஜே. ஸ்காட்டை. 1948-இல் பால்டிமோரில் பிறந்தவர், பெயோட்டி தையலிலேயே உருவங்களைக் கட்டி எழுப்புகிறவர். அவர் எடுத்துக்கொள்ளும் விஷயம் நிறவெறி, வன்முறை. பளபளப்பைப் பார்த்து ஆசையாகக் கிட்டே போனவருக்கு அங்கே என்ன நடக்கிறது என்று புரியும்போது பின்வாங்க நேரமிருக்காது. மணியின் அழகைத் தூண்டிலாகப் போடுவது என்றால் இதுதான்.

இது எங்கள் வகுப்பு விமர்சன நாளுக்கு நேராகப் பொருந்துகிற விஷயம். அன்றைக்கு வரக்கூடியதிலேயே மோசமான வார்த்தை "அழகா இருக்கு". திட்டினால்கூடப் பேசலாம், அழகாக இருக்கிறது என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஆசிரியர் எப்போதும் கேட்பது ஒன்றைத்தான்: "இதை ஏன் மணியில செய்யணும்? பெயின்ட் அடிச்சா என்ன குறையும்?" எரிச்சலாக வரும், ஆனால் நியாயமான கேள்வி. இப்போது ஒவ்வொரு பகுதிக்கும் நானே அதைக் கேட்டுக்கொள்கிறேன். காகிதக்கூழ் உடம்பு அந்தக் கேள்வியில் தேறவில்லை. அதை மணியால் மூடினால் பளபளப்பு கூடும், வேறெதுவும் கூடாது. ஆகவே அது வெறும் பழுப்புக் காகிதமாகவே நிற்கும், சாவிகள் மட்டும் பாதி புதைந்து. இரும்புச் சாவி ஈரக்கூழில் துருவை இறக்கி, சுற்றிலும் கறை படிந்திருக்கிறது, அதுவே போதுமான நிறம்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, மண் நிறத்துக்குப் பக்கத்தில் ஒரு கத்துகிற நிறம் வைப்பேன், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கண்ணாடியே நிறமாக இருக்கிற மணி அப்படியே இருக்கும், மேலே சாயம் ஏற்றிய மணிகளில் பல வெயிலில் வெளுக்கும், குறிப்பாக ஊதாவும் இளஞ்சிவப்பும். உலோகப் பூச்சு மணியில் கைபடக் கைபடப் பூச்சு உரியும். வாங்கியதும் ஐந்தாறு மணியை ஜன்னலோரம் வெயிலில் சில வாரம் போட்டு வையுங்கள், மிச்சத்தை டப்பாவில் இருட்டில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரே அளவில் வார்த்த மாதிரி வருகிற டெலிக்கா உருளை மணிகள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை, சதுரக் கட்டம் போட்ட ஓவியத்துக்கு அவை சரி. கொஞ்சம் ஒல்லி கொஞ்சம் குண்டு என்று கலந்து வரும் செக் நாட்டு மணிகளில், குண்டானதை வளைவின் வெளிப்பக்கத்துக்கும் ஒல்லியை உட்பக்கத்துக்கும் பொறுக்கிப் போட்டால், கூட்டாமல் குறைக்காமலே பரப்பு திரும்பும்.

இதற்கு அடுத்து உள்ளே எந்தத் தாங்கலும் இல்லாமல் ஒரு உருவம் செய்யவேண்டும். பலூன் மேல் கோக்கலாம் என்றார் ஒரு தோழி, ஆனால் மணி கோப்பதற்கு மாதக்கணக்கு ஆகும், பலூன் அதுவரை காத்திருக்காது. சுடாத களிமண்ணில் உருவம் பிடித்து, காயவிட்டு, அதன் மேல் இறுக்கமாகக் கோத்து, கடைசியில் தண்ணீரில் ஊறவைத்து அடியில் விட்ட துளை வழியாகக் கரைத்து எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு. கண்ணாடிக்கும் ஃபயர்லைனுக்கும் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. முழுக்கக் காயாமல் கோக்க ஆரம்பித்தால் களிமண் உள்ளே சுருங்கிக்கொண்டே போகும், மணி மட்டும் பழைய அளவிலேயே நிற்கும், அப்போது பரப்பு எந்த இடத்தில் மடியும் என்பதையும் பார்க்கவேண்டும். கைப்பிடி அளவில் இரண்டு உருண்டை பிடித்து, ஒன்றைக் காயவிட்டும் ஒன்றை ஈரத்தோடும் கோத்துப் பார்க்கப் போகிறேன்.