சென்னையில கவுன்சிலிங் தேடுறவங்களுக்கு

அண்ணா நகர்ல தெருவுக்குத் தெரு கவுன்சிலிங் போர்டு. வாரக்கடைசி கோர்ஸ் முடிச்சவரும் அதையேதான் மாட்டுறார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு இருக்கணும். 1992 சட்டம் அது. போன்லயே சிஆர்ஆர் நம்பர், அதாவது அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்க. கவுன்சில் இணையதளத்துல சரிபாருங்க. தங்கச்சிக்காக நான் கேட்டப்ப ஒருத்தர், "நம்பரெல்லாம் எதுக்கு மேடம், ரிவ்யூ பாருங்க"ன்னார். போனை வச்சுட்டேன்.

மாத்திரை எழுதுறது சைக்கியாட்ரிஸ்ட், அவர் எம்பிபிஎஸ் படிச்ச டாக்டர். சைக்காலஜிஸ்ட், சைக்கியாட்ரிஸ்ட் ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

ஃபீஸ் கட்டுப்படியாகலையா? கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில ஓ.பி. இருக்கு. அந்த ஊர்ப் பேரைச் சொல்லிக் கிண்டலடிச்சே வளர்ந்தவங்க நாம (சினிமா உபயம்!), அதையெல்லாம் பாக்காம போங்க. நடுராத்திரின்னா 14416, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண். தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.