மூன்றாம் தந்தியை அரைச் சுரம் இறக்கினால்

மலேசியாவில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில், லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்திக் கருவியை வைத்திருப்பவர் யாரையும் நான் பார்த்ததில்லை. என்னிடம் இருப்பது, அப்பா செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த காசில் வாங்கித் தந்த நைலான் தந்தி கித்தார். அதில் மூன்றாம் தந்தியை அரைச் சுரம் இறக்கி, மூன்றாம் மெட்டில் (ஃப்ரெட்) கேப்போ என்ற தந்தி அழுத்தும் கவ்வியை மாட்டினால் ஆறு தந்தி லூட்டின் சுருதி வந்துவிடும். பிறகு அந்தக் காலத்து டேப்லேச்சரை, அதாவது தந்திக்கு ஒரு கோடு போட்டு விரல் இடத்தைக் குறிக்கும் எழுத்துமுறையை, அப்படியே வாசிக்கலாம்.

இது தெரியாத காலத்தில் 180 ரிங்கிட் கொடுத்து ஆங்கிலேய லூட் இசையமைப்பாளர் டவ்லண்டின் புத்தகம் ஒன்றை வரவழைத்தேன். பியானோவுக்கு எழுதுவதுபோல இரண்டு வரிசை ஸ்டாஃப், அதாவது சுரம் எழுதும் ஐந்து கோடுகள். எந்தச் சுரத்தை எந்தத் தந்தியில் பிடிப்பது என்று தேடியே ஒரு மாதம் போனது. போதாததற்கு, பவன் என்ற நடன உருப்படி ஒன்றின் நடுவில் பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு கையும் தந்தியில் இருக்கும் நேரம் அது. அழுகையே வந்தது.

லூட்காரர்கள் விரல் போகவேண்டிய இடத்தைத்தான் எழுதி வைத்தார்கள். பிரெஞ்சு முறையில் எழுத்து: 'ஏ' என்றால் வெறுந்தந்தி, 'பி' முதல் மெட்டு. 'சி'யை 'ஆர்' மாதிரி எழுதியிருப்பார்கள். அதில் நான் பலநாள் தடுக்கி விழுந்தேன். இத்தாலிய முறையில் எண்கள். 1507-இல் வெனிஸில் பெட்ரூச்சி அச்சிட்ட, லூட் கலைஞர் ஸ்பினாச்சினோவின் நூலில் மேல்கோடுதான் கனத்த தந்தி. கித்தாரை மடியில் வைத்துக் குனிந்து பாருங்கள், கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும். கோட்டுக்கு மேலே கொடிபோல் நிற்பது காலக்குறி. அடுத்த கொடி வரும்வரை அதே அளவு.

அதனால் டேப்லேச்சர் இல்லாத பதிப்பை நான் இப்போது தொடுவதில்லை. தொடங்குகிறவர்கள் இத்தாலிய லூட் கலைஞர் பிரான்செஸ்கோ தா மிலானோவிடம் (1497–1543) போங்கள். ஆறு தந்திக்கு எழுதியவர், கித்தாரில் ஒரு சுரமும் விடுபடாது. டவ்லண்டின் பல உருப்படிகளுக்கு ஏழாவது தந்தி வேண்டும். நாம் அதை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

பழைய அச்சின் படங்கள் ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற இணைய இசை நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எழுத்து மங்கலாக இருந்தால், பக்கத்தைப் பெரிதாக்கி ஏ3 தாளில் எடுப்பேன். போட்டோஸ்டேட் கடை அக்கா தாளை வெளிச்சத்தில் பிடித்து, "இது என்ன தம்பி, கணக்கா?" என்றார்.

"பாட்டு அக்கா."

"அப்படின்னா ரெண்டு பக்கத்தையும் சேர்த்தே எடுத்துடறேன், திருப்ப வேணாம்."

அந்தத் தாள் இப்போது என் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. நேற்று மழையில் கரண்டு போகும்வரை அதைப் பார்த்து வாசித்தேன்.