குளத்து மேனேஜர் அக்கா
தண்டையார்பேட்டையில் நாங்கள் போகும் நீச்சல் குளத்து மேனேஜர் அக்காவைப் பற்றி எழுதியே ஆகவேண்டும். விடிகாலையில், கேட் திறக்கும் முன்பே குளத்தோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பார். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் இருந்தால்தான் ஆட்களை இறக்குவார். கண் எரிந்தால் குளோரின் அதிகம் என்றே நினைத்திருந்தேன். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்துதான் அப்படி எரிக்கிறதாம். அதனால் குளிக்காமல் யாரும் இறங்க முடியாது, எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

அப்புறம் தலைமைக் கோச் அண்ணன், காசிமேட்டுக்காரர். என் மகளுக்கு முதல் வாரம் முழுக்கத் தண்ணீருக்குள் மூச்சு விடும் பயிற்சி மட்டும்தான். "பாப்பா, குமிழி விடு, பயப்படாதே" என்று கூடவே நின்றார். நேற்று ஆழமான பக்கம் போய்த் திரும்பினாள். ஏறியதும் அக்காதான் துண்டு போர்த்திவிட்டார்.