ஊசியும் நெல் நோட்டும்

திருமணமாகி ஆறாண்டுகள் கழித்து, தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் நாங்கள் ஐ.வி.எஃப். (முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கி, மீண்டும் உள்ளே வைக்கும்) சிகிச்சையைத் தொடங்கியபோது, பாபநாசம் பக்கத்திலுள்ள எங்கள் வயலில் சம்பா கதிர் முற்றிக்கொண்டிருந்தது. மாதவிலக்கின் இரண்டாம் நாளிலிருந்து 11 நாட்கள் வயிற்றில் ஊசி போட்டு, முட்டைகள் வளரும் நீர்ப்பைகளின் வளர்ச்சியை ஸ்கேனில் பார்த்து, பெரிய பைகள் சில 18 மில்லிமீட்டரைத் தொட்டதும் கடைசி ஊசியைப் போட்டு, அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் மயக்கமருந்து கொடுத்து முட்டைகளை வெளியே எடுத்தார்கள்.

உடல் வலியை நான் எதிர்பார்த்துத்தான் போனேன். காத்திருப்பு அறையில் பெயரைச் சொல்லாமல் கோப்பு எண்ணைச் சொல்லியே கூப்பிட்டார்கள். மூன்றாவது வாரத்தில் அந்த எண் காதில் விழுந்ததும் யோசிக்காமல் நான் எழுந்து நின்றதுதான் என்னை உலுக்கியது.

வீட்டில் எல்லோரும் அன்பாகவே இருந்தார்கள், அதுவும் ஒரு சுமை. பிள்ளை வரம் வேண்டிப் போகும் திருக்கருகாவூர் கோயிலிலிருந்து அத்தை வாங்கிவந்த நெய்ப் பிரசாதம், 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய ஊசி மருந்துக்குப் பக்கத்திலேயே ஃபிரிட்ஜில் கல்லாக உறைந்து கிடந்தது. (நெய்யை யார் ஃபிரிட்ஜில் வைப்பார்கள்? பூனைக்குப் பயந்து அத்தை வைத்தார்.) இரண்டையும் மறுக்காமல் எடுத்துக்கொண்டேன். ஆனால் கருவை உள்ளே வைத்த பிறகு, "நீ எதையும் தொட வேணாம், படுத்துக்கோ" என்று அவர் நெல் கணக்கு நோட்டை எடுத்து உள்ளே வைத்தபோது மட்டும் திரும்பக் கேட்டு வாங்கினேன். படுத்தே கிடப்பதால் கரு ஒட்டுவதற்குக் கூடுதல் பயன் எதுவும் இல்லை என்று மருத்துவரே சொல்லியிருந்தார். அறுவடை இயந்திர வாடகை, ஆள் கூலி, சாக்கு எண்ணிக்கை என்று நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் என் கையெழுத்திலேயே இருக்கும் நோட்டு அது.

ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்த அந்த நாட்களில்தான் மாமா அரசு நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து போன் செய்தார். "ஈரப்பதம் பதினெட்டு காட்டுதும்மா, பதினேழுக்கு மேல எடுக்க மாட்டேங்குறாங்க. என்ன பண்ணலாம்?" ஸ்கேன் அறையில் எல்லோர் முகத்தையும் மலரவைத்த 18, இங்கே தலைவலியாக நின்றது. வாடகை லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, களத்தில் கொட்டி ஒருநாள் வெயில் காட்டி, பனி இறங்குவதற்குள் தார்ப்பாய் போடச் சொன்னேன். அந்த மாதத்தில் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

முடிவு நெகட்டிவ் என்று வந்தது. இரண்டு நாள் அழுதேன். மருத்துவமனையிலேயே இருந்த மனநல ஆலோசகரை முதலில் வேண்டாமென்று தவிர்த்தவள், அதன் பிறகு கணவரையும் அழைத்துக்கொண்டு போனேன். ஊசி தொடங்குவதற்கு முன்பே போயிருக்க வேண்டும். சிகிச்சையைப் பற்றிய பேச்சு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் மட்டும் என்று நாங்கள் வரம்பு வைத்துக்கொண்டது அங்கே பேசித் தீர்மானித்ததுதான். உறையவைத்த கருக்கள் இன்னும் இரண்டு இருக்கின்றன; குறுவை நாற்று விட்ட பிறகு பார்க்கலாம் என்று நாள் தள்ளியிருக்கிறோம்.

போன வாரம் கும்பகோணத்தில் ஒரு வளைகாப்பில், தூரத்து உறவான பெரியம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதும் விசேஷம் உண்டாடி?" என்றார். "இருந்தா சொல்லாமலா இருப்பேன் பெரியம்மா? உங்க நெல்லெல்லாம் போட்டாச்சா?" என்றேன். பந்திக்குக் கூப்பிடும் வரை அவர் ஈரப்பதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.