கச்சான் காற்றும் நாலு கியரும்

அண்ணா கத்தாருக்குப் போகும்போது தன்னுடைய ஹீரோ ஹொண்டா ஸ்ப்ளெண்டரை விறாந்தையில் ஏற்றி, சாக்கால் மூடிவிட்டுப் போனார். ஏழு மாதம் அது அப்படியே நின்றது. எனக்கு வீடு மட்டக்களப்பு ஆரையம்பதி, படிப்பிக்கிறது வாவிக்கு மேற்கே படுவான்கரையில். இவ்வளவு நாளும் ஸ்கூட்டியில்தான் போய்வந்தேன். மே மாதம் ஸ்கூட்டியின் பெல்ட் அறுந்து அது கராச்சுக்குப் போனபோது, சாக்கை எடுத்துவிட்டுக் கியர் வண்டி பழகத் தொடங்கினேன். இப்போது எட்டுக் கிழமை ஆகிறது.

கிளட்ச் பிடிபட இரண்டு நாள் போனது. மெல்ல விட்டுக்கொண்டு வரும்போது ஓரிடத்தில் வண்டி முன்னுக்கு உந்தும், அங்கே விரலைக் கொஞ்சம் நிறுத்தி வைத்தால் அணையாது. அது கைக்குப் பழகிவிடும். என்னை வாட்டியது அடுத்த கேள்விதான்: கியரை எப்போது மாற்றுவது?

ஸ்ப்ளெண்டரில் நாலு கியரும் முன்பாதத்தால் மிதித்துக் கூட்டுவது, குதிக்காலால் மிதித்துக் குறைப்பது. எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது (ஆர்பிஎம்) என்று காட்டும் மீற்றர் இல்லை. வேகத்தை மட்டும் காட்டும். அதனால் நான் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்: 15இல் இரண்டு, 25இல் மூன்று, 40இல் நாலு. துண்டில் எழுதி டாங்கியிலும் ஒட்டினேன். முதல் கிழமை முழுக்க அந்த எண்களைத்தான் ஓட்டினேன், றோட்டை ஓட்டவில்லை. ஒரு நாள் பின்னேரம் மீற்றரில் 25 வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போய், குறுக்கே நின்ற மாட்டைக் கடைசி நொடியில்தான் கண்டேன். பிரேக் பிடித்தபோது கிளட்சை மறந்துவிட்டேன். வண்டி குலுங்கி அணைந்தது. மாடு நகரவே இல்லை.

அன்றைக்குத்தான் மாமா வந்து கூட நின்றார். இலங்கைப் போக்குவரத்துச் சபையில் பஸ் ஓட்டி இளைப்பாறியவர். துண்டைக் கிழித்தெடுத்துவிட்டு, தோளில் கிடந்த துவாயால் மீற்றரை மூடிக் கட்டினார்.

“மாமா, பிறகு எப்பிடித் தெரியும்?”

“வண்டி சொல்லும் புள்ள. நீ காதக் குடு.”

இரண்டாம் கிழமை முழுக்கத் துவாய் கட்டியபடியே மைதானத்தைச் சுற்றினேன். மெல்ல மெல்ல மூன்று சத்தம் பிரிந்து கேட்டது. கியரைக் கூட்டாமல் முறுக்கிக்கொண்டே போனால் எஞ்சின் கீச்சிட்டு அலறும், கால் வைக்கிற கம்பியில் அதிர்வு ஏறும், சத்தம் கூடுகிற அளவுக்கு வேகம் கூடாது. அது ‘மாற்று’ என்பது. நேரத்தோடு மாற்றிவிட்டால் எஞ்சின் அடித்தொண்டையில் முனகும், செயின் கடகடக்கும், எவ்வளவு முறுக்கினாலும் இழுக்காது. அது ‘குறை’ என்பது. இரண்டுக்கும் நடுவே ஒரு சீரான இரைச்சல் இருக்கிறது. கையை லேசாக முறுக்கினாலே வண்டி உடனே கேட்கும் இடம் அது. அங்கே இருக்கும்போது காலைச் சும்மா வைத்திருக்கலாம்.

மாமா மண்ணில் குச்சியால் கீறி விளங்கப்படுத்தினார். ஒன்றாம் கியரில் சில்லு ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் பல சுற்றுச் சுற்றும். அதனால் பலம் கூட, ஓட்டம் குறைவு. நாலில் அது மறுபுறம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘இப்ப எத்தனையில போறன்’ என்பதல்ல, ‘இப்ப வண்டிக்குப் பலம் வேணுமா, ஓட்டம் வேணுமா’ என்பதுதான். இது எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது.

ஆனால் நம்முடைய ஊர் தட்டை நிலம். மேடு பள்ளம் இல்லாத இடத்தில் பலம் வேண்டிய நேரத்தை எங்கே படிப்பது? அதைக் கச்சான் படிப்பித்தது.

ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில், காலை பத்து மணியளவில், மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போனேன். 2014இல் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையை எல்லாரும் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறித்தான் கடந்தார்கள். இருபக்கமும் வாவி, மறைப்புக்கு ஒரு மரம் இல்லை. மேற்கிலிருந்து கச்சான் நேரே நெஞ்சில் அடித்தது. நாலாம் கியரில் போய்க்கொண்டிருந்தேன், கையும் அசையவில்லை, ஆனாலும் எஞ்சின் முனகத் தொடங்கிவிட்டது. முறுக்கிப் பார்த்தேன், ஏறவில்லை. குதிக்காலால் ஒரு மிதி. மூன்றில் வண்டி உடனே நிமிர்ந்தது. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. போகும்போது முனகிய அதே வேகத்தில் இப்போது நாலாம் கியர் இலேசாக ஓடியது. என் துண்டில் எழுதிய கணக்கு பிழைத்தது எங்கே என்று அந்தப் பாலத்தில்தான் விளங்கியது. காற்றுக்கும் பாரத்துக்கும் அதில் இடமே இல்லை. அடுத்த நாள் அம்மாவைப் பின்னால் ஏற்றிச் சந்தைக்குப் போனபோதும் அப்படித்தான். ஒவ்வொரு கியரையும் இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்து வைக்க வேண்டியிருந்தது.

கூட்டுவது பழகிய பிறகும் குறைப்பது பயமாகவே இருந்தது. நாலாம் கிழமை, கடற்கரைப் பக்க ஒழுங்கைக்குள் கிறுகும்போது அவசரத்தில் இரண்டிலிருந்து ஒன்றுக்குப் போட்டுக் கிளட்சைப் பட்டென்று விட்டேன். வேகம் இன்னும் குறைந்திருக்கவில்லை. பின்சில்லு ஒரு கணம் இறுகி, மணலில் சறுக்கியது. முழங்கால் உரசியது, வேறு ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து முதலில் பிரேக், பிறகு கியர். கிளட்சையும் குறைக்கும்போதுதான் இன்னும் மெல்ல விடுகிறேன். மணல் ஒழுங்கையில் இரண்டிலேயே போய்விடுகிறேன். ஒன்றாம் கியர் மணலுக்கு மிகவும் முரடு என்பது என் அனுபவம்.

இன்னொன்று. நாலாம் கியரிலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டால், நின்ற இடத்தில் கியர் எளிதில் இறங்காது. பெட்டிக்குள் பற்கள் நேருக்கு நேர் வந்தால்தான் கொளுவும். வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்து, ஒவ்வொன்றாக மிதிக்க வேணும். கார் மாதிரி நாலிலிருந்து நேரே ஒன்றுக்குத் தாவ முடியாது. இப்போது லாண்ட்மாஸ்டருக்கு (இரண்டு சில்லு உழவு மெசினுக்கு) பின்னால் ஊரும்போதே மூன்று, இரண்டு என்று இறக்கிக்கொண்டு வருகிறேன். நெல்லுக் காயப் போட்ட றோட்டில் இது பெரிய உதவி.

ஆறாம் கிழமை ஒன்றுவிட்ட தம்பியின் பல்சர் 150ஐ ஓடிப் பார்த்தேன். அதில் ஒன்று கீழே, மற்ற நாலும் மேலே. கால் முழுக்கக் குழம்பிவிட்டது. கூட்டுகிறேன் என்று நினைத்துக் குறைத்தேன். காது மட்டும் குழம்பவில்லை. எப்போது மாற்ற வேண்டும் என்பது முதல் நாளே சரியாக வந்தது, எந்தப் பக்கம் மிதிப்பது என்பதுதான் பிழைத்தது. ஒரு நேரத்தில் ஒரு வண்டி போதும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

துவாய் இப்போது இல்லை. மீற்றரைப் பார்ப்பது ஊர்மனைக்குள் வேகம் கூடாமல் இருக்க மட்டும்தான். இன்னும் வராதது, கல்லடிப் பாலம் கடந்து நெரிசலுக்குள் இறங்கும்போது ஒவ்வொன்றாகக் குறைத்து, ஒன்றுக்கும் கீழே இருக்கும் நியூற்றலை வண்டி நிற்பதற்குள் பிடிப்பது. மீற்றரில் நியூற்றலின் பச்சை வெளிச்சம் பத்துக்கு ஆறு தரம் வருகிறது. ஆகஸ்ட் விடுமுறையில் மாமாவோடு செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் மலை ஏறும்வரை போவதாக இருக்கிறோம். அதற்குள் செயினை இறுக்கி எண்ணெய் விட வேணும்.