ரோஸ் கலர் வந்தால் ரத்தமா?

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் டைட்ரேஷன் செய்தவர்கள், காரம் பட்டால் ரோஸாகும் பினாப்தலீனை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு சொட்டு கூடினால் போதும், குடுவை முழுக்க ரோஸ் ஆகிவிடும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்கு எப்போதும் அந்த ஒரு சொட்டு கூடித்தான் போகும். கொலை நடந்த இடத்தில் ரத்தக்கறையைத் தேடுவதற்கும் அதே பினாப்தலீன்தான் என்று ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

பினாப்தலீனைக் காரத்தில் துத்தநாகத் தூளோடு கொதிக்க வைத்தால் நிறம் போய்விடும். கறையைப் பஞ்சுக்குச்சியில் ஒற்றி, முதலில் ஒரு சொட்டு ஆல்கஹால், பிறகு இந்த நிறமில்லாத கரைசல், கொஞ்சம் பொறுத்து கடைசியாக ஹைட்ரஜன் பெராக்சைடு. ரத்தம் இருந்தால் அதிலுள்ள ஹீம் என்ற இரும்புச்சத்துப் பொருள் வினையை முடுக்கிவிட, சில நொடிகளில் ரோஸ் திரும்பி வரும். பெராக்சைடு விடுவதற்கு முன்பே வந்தால் அது வேறு ஏதோ சமாச்சாரம். அரை நிமிஷம் கழித்து வந்தாலும் கணக்கில் சேராது, காற்று பட்டே தானாக மாறக்கூடியது அது.

டிவி சீரியலில் ரோஸ் வந்ததும் 'ரத்தம்தான் சார்' என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிடுகிறார்கள், எனக்கு எரிச்சலாக வரும். செம்பு உப்பு, உருளைக்கிழங்குச் சாறு எல்லாமே இந்தச் சோதனையை ஏமாற்றும். இருட்டில் நீலமாக ஒளிரும் லூமினால் இருக்கிறதே, 1937ல் ஜெர்மனியில் வால்டர் ஸ்பெக்ட் துப்பறிவதற்குக் கொண்டுவந்தது, அது பிளீச்சுக்கும் ஒளிரும். சரி, ரத்தமே என்று வைத்துக்கொள்வோம். யாருடையது? ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்காரர் சட்டையில் இதைச் செய்தால் ஒவ்வொரு வாரமும் அவரை உள்ளே வைக்க வேண்டியதுதான்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது 1901. ஜெர்மனியின் ரியூகன் தீவில் இரண்டு சின்னப் பையன்கள் கொல்லப்பட்டார்கள். லூட்விக் டெஸ்னோ என்ற தச்சன் பிடிபட்டான், துணியெல்லாம் கறை. கேட்டால் மரத்துக்குப் பூசும் சாயம் என்றான். தச்சன் சொன்னால் நம்பும்படிதானே இருக்கும்? 1898ல் வேறொரு ஊரில் இரண்டு சிறுமிகள் கொலையானபோதும் இதே பதிலைச் சொல்லித்தான் தப்பியிருந்தான். ஆனால் இந்த முறை, அந்த வருஷத் தொடக்கத்தில்தான், கிரைஃப்ஸ்வால்டு என்ற ஜெர்மன் நகரத்தில் பால் ஊலன்ஹூட் என்ற மருத்துவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மனித ரத்தத்தை முயலுக்கு ஊசியில் ஏற்றினால், அதன் உடம்பு அந்தப் புரதத்தை எதிர்க்கும் பொருளை உண்டாக்கும். அந்த முயலின் சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரில், உப்புத் தண்ணீரில் ஊறவைத்த கறையைச் சேர்த்தால், மனித ரத்தமாக இருந்தால் மட்டும் கலங்கும். ஆட்டு ரத்தம் ஏற்றிய முயல் ஆட்டைக் காட்டிக்கொடுக்கும்.

துணிகள் அவரிடம் போயின. சில கறைகள் மனித ரத்தம், சில ஆட்டு ரத்தம். கொலைக்குச் சில வாரம் முன்னால் அதே தீவில் ஒருவருடைய ஆடுகளை எவனோ கண்டதுண்டமாக வெட்டிப் போட்டிருந்தான், அந்தக் கணக்கும் சேர்ந்து வந்தது. டெஸ்னோ குற்றவாளி என்று தீர்ப்பானது.

இப்போது முயலின் வேலையைச் செய்ய, வீட்டில் கர்ப்பம் பார்க்கிறோமே, அது மாதிரி சின்ன அட்டை வந்துவிட்டது, மனித ஹீமோகுளோபின் இருந்தால் கோடு விழும். அப்புறம் அதிலும் ஒரு வில்லங்கம். ஃபெரெட் என்று கீரி மாதிரி ஒரு பிராணி, சில அட்டைகளில் அதன் ரத்தத்துக்கும் கோடு விழுகிறது.