கர்க்கடகத்து முட்டைகள்

ஆகஸ்ட் 6, 2024, செவ்வாய்

மழை. செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டு ஆடி, அந்தப் பக்கம் கேரளத்துக் கர்க்கடகம். ரெண்டு பக்கமும் கல்யாணம் கிடையாது. களியக்காவிளையில் உட்கார்ந்து கல்யாண போட்டோ எடுக்கிறவனுக்கு வருஷத்தில் ஒருமுறை வருகிற சும்மா மாதம். மோதிரமும் தாலியும் எடுக்க வாங்கின 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் தூங்குகிறது.

வீட்டுக் கடல்மீன் டேங்கில் தண்ணீர் மாற்றினேன். கோடையில் நீரோடிக் கடற்கரைக்குக் கேனைக் கொண்டுபோய் கடல் வெள்ளம் எடுத்து வருவேன். மழைக்காலத்தில் அது சரிவராது. கடல் கலங்கிக் கிடக்கும், ஆற்று வெள்ளம் சேர்ந்து உப்பும் இறங்கும். ஆர்.ஓ. தண்ணீரில் பாக்கெட் கடலுப்பைக் கரைத்து அடர்த்தியை 1.025-க்குக் கொண்டுவந்தேன்.

கிளவுன் மீன் ஜோடியில் சின்னவன், உள்ளே கவிழ்த்து வைத்த சட்டியின் முதுகை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் பண்ணுகிறான். பெரியவள் வயிறு தள்ளிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள். நாளையோ மறுநாளோ இருக்கும்.

ஆகஸ்ட் 7, புதன்

சாயங்காலம் முட்டை போட்டுவிட்டாள். கவிழ்த்து வைத்த மண்சட்டியின் மேல், தீப்பெட்டி அளவு இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் அப்பிக் கிடக்கிறது. இந்த ஜோடி பண்ணையில் பிறந்தது. கடலில் கிளவுன் மீன் குடியிருக்கிற கடல் சாமந்தி என்ற ஒன்றைக் கண்ணாலேயே கண்டதில்லை, அதனால் பனச்சமூடு சந்தையில் வாங்கின சட்டியைத்தான் வீடாக நினைத்திருக்கிறது. வாங்கும்போது ரெண்டும் ஒரே அளவு. கிளவுன் மீன் எல்லாமே ஆணாகத்தான் வளரும், ஜோடியில் கை ஓங்கினது பெண்ணாகிவிடும். எங்கள் வீட்டில் அது ஒரு வருஷம் எடுத்தது.

வருகிறவர்கள் எல்லாம் “பவளம் எங்கே?” என்று கேட்கிறார்கள். கல்பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, 2001 முதல். புலி இருக்கிற அதே அட்டவணை. எனக்குச் சட்டி போதும்.

ஆகஸ்ட் 8, வியாழன்

நூற்றெண்பது படம். எல்லாம் குப்பை.

முதல் அறுபதில் என் முகமும் ஜன்னலும் கண்ணாடியில் தெரிகின்றன. அடுத்ததில் மேலேயிருந்து சரித்து எடுத்தேன், முட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் சிவப்புமாகக் கரை கட்டியிருக்கிறது. லென்ஸ் கண்ணாடிக்கு நேர்குத்தாக நிற்காவிட்டால் இப்படித்தான், எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் கோணிப்போகும். மிச்சத்தில் எல்.ஈ.டி. விளக்கின் நீலம் அப்பி, ஆரஞ்சு முட்டை கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது.

ஆகஸ்ட் 10, சனி

கறுப்புத் துணி வேண்டும். கேமராவுக்கும் எனக்கும் நடுவே தொங்கவிட்டு, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை போட்டால் கண்ணாடியில் நான் தெரியமாட்டேன். அலமாரியில் சபரிமலைக்கு மாலை போடுகிற கறுப்பு வேட்டி இருந்தது. எடுத்த கையோடு அம்மை பார்த்துவிட்டாள்.

“எடே, அது சாமிக்கு உள்ளதாக்கும். ஒனக்க மீனுக்கு வேற துணி கிட்டலியா?”

கம்பி ஒடிந்த குடையைப் பிரித்து அந்தத் துணியில் ஓட்டை போட்டேன். ஆடி மாதம் எந்த வீட்டிலும் ஒரு ஒடிந்த குடை இருக்கும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்றைக்குத்தான் கைகூடியது. மறக்காமல் இருக்க விவரமாக எழுதுகிறேன்.

முந்தின ராத்திரியே கண்ணாடியின் உள்பக்கத்தைப் பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டினேன். ஊதாப் பாசிப் பொட்டு ஒன்று இருந்தாலும் படத்தில் அது பூசணிக்காய். வெளிப்பக்கத்தில் உப்புக்கறை, அதற்கு ஈரத்துணி. எடுப்பதற்கு இருபது நிமிஷம் முன்னால் தண்ணீரை அலையடிக்க வைக்கிற வேவ்மேக்கரையும் பம்பையும் நிறுத்தினேன், மிதக்கிற தூசி அடங்க அவ்வளவு நேரம் வேண்டும். டேங்க் விளக்கையும் அறை விளக்கையும் அணைத்தாயிற்று. வெளிச்சம் முழுக்க பிளாஷ்தான். ஒன்று மேலே, பட்டர் பேப்பர் சுற்றி, அக்ரிலிக் தகட்டின் மேல். இன்னொன்று பக்கவாட்டில், பாதி பவரில். கேமராத் தலையில் பிளாஷ் வைத்தால் கண்ணாடி அதை நேரே நம் முகத்தில் திருப்பி அடிக்கும். மேலேயிருந்து வருவதுதான் மீனுக்கும் பழக்கமான வெளிச்சம், கடலிலும் சூரியன் மேலேதானே.

முட்டை ஒன்று 2 மி.மீ. நீளம்தான். சென்சாரில் நிஜ அளவே விழுகிற 1:1-ல் வைத்தால் படத்தில் சோற்றுப்பருக்கை போலத் தெரிகிறது. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 36 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூபைச் செருகினால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கிடைக்கிறது. ஆனால் அங்கே போனால் போக்கஸ் ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, மூச்சு விட்டால் முன்வரிசை போய்ப் பின்வரிசை வருகிறது. லென்ஸ் துவாரத்தை எஃப் 16-க்கு மூடிப் பார்த்தேன், ஆழம் கூடினது, கூர்மை செத்தது. இத்தனை கிட்டத்தில் எஃப் 8 என்று வைத்தாலே அது எஃப் 20 மாதிரிதான் நடந்துகொள்ளும். ஆகவே எஃப் 8, ஆட்டோபோக்கஸ் இல்லை. கேமராவை முழுசாக முன்னும் பின்னும் நகர்த்தி, தெளிகிற நொடியில் அமுக்க வேண்டும். சட்டி கண்ணாடிக்கு 6 செ.மீ. பின்னால் இருக்கிறது, ஆனால் தண்ணீர் அதை நாலரை செ.மீ.க்கு இழுத்துக் காட்டுகிறது. முதல் நாள் ஸ்கேல் வைத்துக் கணக்குப் போட்டது எல்லாம் அதில்தான் தப்பாயிற்று.

சின்னவன் ஒத்துழைக்கவில்லை. நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து முட்டை மேல் மார்புத்துடுப்பால் விசிறுகிறான். நல்ல படத்தில் எல்லாம் பாதி அவன் வால்தான்.

ஆகஸ்ட் 12, திங்கள்

நேற்றைய படத்தில் மூன்றாம் வரிசையில் ஒரு முட்டை மட்டும் வெள்ளையாக இருந்தது. இன்றைய படத்தில் அந்த இடம் காலி. கெட்டுப்போனதை அப்பன் பொறுக்கித் தின்றுவிடுகிறான். நேரே பார்த்தபோது ரெண்டு நாளும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கம்ப்யூட்டரில் பெரிதாக்கினபோதுதான் தெரிந்தது.

தங்கச்சி மகள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். “மாமா, கண்ணு கண்டியளா?”

ஆமாம். ஒவ்வொரு முட்டையிலும் ரெண்டு கறுப்புப் புள்ளி.

ஆகஸ்ட் 14, புதன்

கண்களைச் சுற்றி வெள்ளி ஏறிவிட்டது. ஆரஞ்சு நிறம் அநேகமாகக் கரைந்து, கண்ணாடிக் குழாயில் மடித்து வைத்த மாதிரி குஞ்சு தெரிகிறது. பக்கவாட்டு பிளாஷைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினேன். வெளிச்சம் முட்டைக்கு ஊடே வந்ததும் இருநூறு கண்ணும் ஒரே நேரத்தில் மின்னின. இதுவரை எடுத்த மோதிரப் படம் எதுவும் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

பொழியூர்க்கார நண்பர் போனில் “குஞ்ச வளத்துப் பாருங்களேன்” என்கிறார். விழிஞ்ஞத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் கிளவுன் குஞ்சு பொரித்து வளர்த்திருக்கிறார்கள், முடியாத காரியம் இல்லை. ஆனால் குஞ்சுக்கு ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர் தீனியாக வேண்டும், ரோட்டிஃபருக்குப் பச்சைப்பாசி வேண்டும், பாசிக்கு ஒரு அறை வேண்டும். அம்மை அடுக்களையைத் தரமாட்டாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

இன்று ராத்திரி பொரியும் என்று நினைத்து எட்டரைக்கு விளக்கணைய டைமர் வைத்திருந்தேன். இருட்டி ஒரு மணி நேரம் கழித்துத்தான் பொரிக்கும், அதற்குள் சோறு தின்றுவிடலாம் என்று கணக்கு.

ஏழு மணிக்குக் கரண்ட் போயிற்று. பேட்டரி ஏர்பம்ப் எங்கே என்று வீடு முழுக்கத் தேடி, கட்டிலுக்கு அடியில் கண்டெடுத்து, செல் வாங்கக் கடைக்கு ஓடி, நனைந்து திரும்பும்போது எட்டேகால். சட்டி மேல் பாதி முட்டைதான் மிச்சம். தங்கச்சி மகள் மொபைல் டார்ச்சைக் கண்ணாடியின் மூலையில் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சத்தைத் தேடிக் குஞ்சுகள் அந்த மூலையில் தூசி போலக் குவிந்திருந்தன. முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வருகிற அந்த ஒரு படத்துக்காகத்தான் எட்டு நாள் உட்கார்ந்தேன். அது இல்லை.

பம்ப் நின்றதால் தண்ணீர் அசையவில்லை, அது ஒன்றுதான் லாபம். அவள் டார்ச்சைப் பிடிக்க, கண்ணாடியை ஒட்டி வந்தவற்றை எடுத்தேன். எழுபத்திரண்டில் ஒன்று தெளிவு. வால் கண்ணாடி, வயிற்றில் துளி மஞ்சள், ரெண்டு வெள்ளிக் கண். கரண்ட் வந்தது பத்தேமுக்காலுக்கு.

ஆகஸ்ட் 16, வெள்ளி

குஞ்சு ஒன்றும் மிச்சமில்லை. சிலது பம்பில் போயிருக்கும், சிலதை மற்ற மீன்கள் தின்றிருக்கும். சின்னவன் மறுபடியும் சட்டியைக் கொத்துகிறான்.

லென்ஸ் மவுண்டில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. டிஸ்டில்ட் வாட்டர் தொட்ட துணியால் அரைமணி நேரம் துடைத்தேன். நாளை மலையாளச் சிங்க மாதம் 1, கொல்லம் ஆண்டு 1200 பிறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பாறசாலையில் இருக்க வேண்டும். பெண்வீட்டார் மோதிரப் படம் தனியாகக் கேட்டிருக்கிறார்கள்.